உயிருக்கு உயிர் கேட்கும் உரிமை யாருடையது?

சுபுஹுத் தொழுகை முடித்து வந்து, தேநீரும் கையுமாக அமர்ந்திருக்கும் வீட்டுப் பெரியவர் பத்திரிகையைப் பிரிக்கிறார். முதற் பக்கத்திலேயே ஒரு கொலைச் செய்தி. பச்சிளம் பிள்ளை ஒன்றுக்கு இழைக்கப்பட்ட கொடுமை. வாய்விட்டுப் படிக்கிறார். கேட்கும் எல்லோருடைய நெஞ்சமும் பதறுகிறது. பதறத்தான் வேண்டும், அநியாயம் கண்டு பதறாத நெஞ்சம் ஈமானுடைய நெஞ்சமாகாது.

ஆனால் பதற்றம் அடங்குமுன்னே தீர்ப்பும் பிறந்துவிடுகிறது. "இவனுக்கெல்லாம் விசாரணை ஒரு கேடா? நடுத்தெருவில் தொங்கவிட வேண்டும். நம் மார்க்கத்தில் அப்படித்தானே சொல்லியிருக்கிறது!" என்கிறார் பெரியவர். அடுக்களையிலிருந்து ஆமோதிக்கும் குரல் எழுகிறது. பள்ளிக்கூடப் பாடத்தை எழுதிக்கொண்டிருக்கும் பிள்ளை இந்தப் பாடத்தையும் மனத்தில் எழுதிக்கொள்கிறது.

நம் மார்க்கத்தில் அப்படித்தான் சொல்லியிருக்கிறதா? முழுவதும் சொல்லியிருப்பது என்ன, நாம் பாதியில் நிறுத்திக்கொண்டது எங்கே என்பதைச் சற்றுப் பொறுமையுடன் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரு சாராரின் வாதம்

மரண தண்டனை கூடுமா, கூடாதா என்ற வாதம் உலகெங்கும் நடந்து வருகிறது. நம் நாட்டிலும் ஓயவில்லை. 1967-இல் மத்திய சட்டக் கமிஷன் தன் 35-ஆவது அறிக்கையில், இந்தியா இருக்கும் நிலையில் இத்தண்டனையை எடுத்துவிட முடியாது என்றது. அதே கமிஷன் 2015-இல் வெளியிட்ட 262-ஆவது அறிக்கையில், பயங்கரவாதமும் நாட்டின்மீது போர் தொடுத்தலும் நீங்கலாக ஏனைய குற்றங்களுக்கு இதை எடுத்துவிடலாம் என்று பரிந்துரைத்தது. அரசு அதை ஏற்கவில்லை. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய தண்டனைச் சட்டத்திலும் கொலைக்கு மரணம் அல்லது ஆயுள் சிறை என்பதே நிலைத்திருக்கிறது. நம் நாட்டில் 2020 மார்ச் 20 அன்று டெல்லியில் நால்வர் தூக்கிலிடப்பட்டது பலருக்கும் நினைவிருக்கும்.

வேண்டும் என்போர், "தூக்குக்கு அஞ்சியாவது கொலை குறையும்" என்கின்றனர். வேண்டாம் என்போர், "கொலையைக் கொலையால் தடுக்க முடியாது" என்கின்றனர். அச்சத்தால் கொலை குறைகிறதா என்பதை அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் குழு ஆராய்ந்து, 2012-இல் ஒரு முடிவுக்கு வந்தது. அதுவரை செய்யப்பட்ட ஆய்வுகளை வைத்துக்கொண்டு, குறைகிறது என்றோ, கூடுகிறது என்றோ, மாறுவதில்லை என்றோ எதையும் சொல்ல இயலாது என்பதே அம்முடிவு. எனவே அச்சம் ஒன்றையே காட்டி ஒரு மனிதனின் கழுத்தில் கயிற்றை மாட்டலாம் என்பார், தெரியாத ஒன்றைத் தெரிந்ததாகக் கொள்கிறார்.

இவ்வாதத்தில் முஸ்லிம்களை யாரும் கேட்பதேயில்லை. "உங்கள் மார்க்கம் தூக்குக்கு ஆதரவு" என்று அவர்களே முடிவுகட்டி ஒரு பக்கம் நிறுத்திவிடுகின்றனர். நாமும் சென்று நின்றுவிடுகிறோம்.

இறைமறை வகுத்த முறை

கொலையுண்டோர் விஷயத்தில் கிஸாஸ் விதியாக்கப்பட்டிருக்கிறது என்று திருமறையின் பகரா அத்தியாயம் 178-ஆவது வசனம் கூறுவது உண்மை. அடுத்த வசனம், அறிவுடையோருக்குக் கிஸாஸில் வாழ்வு இருக்கிறது என்று உணர்த்துகிறது. இவ்விரண்டையும் நாம் மேடைதோறும் கேட்டிருக்கிறோம். ஆனால் அந்த 178-ஆவது வசனம் அத்துடன் முடியவில்லை. கொலைசெய்தவனுக்கு அவனுடைய சகோதரனிடமிருந்து ஏதேனும் மன்னிக்கப்படுமானால், மன்னித்தவர் நல்ல முறையில் கேட்டு வாங்கவும், மன்னிக்கப்பட்டவன் நன்றியுடன் கொடுத்துத் தீர்க்கவும் வேண்டும் என்று கூறி, இது இறைவனிடமிருந்து வந்த சலுகையும் கருணையும் ஆகும் என்று தொடர்கிறது.

இங்கே சகோதரன் எனப்படுபவர் யார்? கொலையுண்டவரின் வாரிசு. வாளை ஓங்கும் உரிமை பெற்று நிற்பவரை, எதிரே குற்றவாளியாக நிற்பவனின் சகோதரன் என்று இறைவன் அழைக்கிறான். இந்த ஒரு சொல்லின் முன் நாம் எவ்வளவு நேரம் நின்றிருக்கிறோம்?

மாயிதா அத்தியாயத்தின் 45-ஆவது வசனம், பழிவாங்கும் உரிமையைத் தர்மமாக விட்டுக்கொடுப்பவருக்கு அதுவே பரிகாரமாகும் என்கிறது. பனீ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 33-ஆவது வசனம், அநியாயமாகக் கொல்லப்பட்டவரின் வாரிசுக்கு அதிகாரம் அளித்திருப்பதாகச் சொல்லிவிட்டு, அவர் அதில் வரம்பு மீறக் கூடாது என்று எச்சரிக்கிறது. அறியாமைக் காலத்து அரபிகள் தம் கூட்டத்தில் ஒருவன் மாண்டால், மாற்றுக் கூட்டத்தில் கைக்குக் கிடைத்தவரையெல்லாம் வெட்டினர். குற்றவாளியைத் தவிர வேறெவரையும் தொடாதே என்று அந்த வெறிக்கு அணை போட்டதே கிஸாஸ். பழிக்குப் பழி என்று நாம் மொழிபெயர்த்துவிடுகிறோம். பழி பெருகாமல் நிறுத்திய அளவுகோல் அது என்பதே சரியான பொருள்.

உரிமை வாரிசுக்கே

இந்த வசனங்களிலிருந்து நம் இமாம்கள் வகுத்த சட்டத்தைப் பார்ப்போம்.

கொலையுண்டவரின் வாரிசுகளுக்கு மூன்று வழிகள் உண்டு. உயிருக்கு உயிர் கேட்கலாம். தியத் எனும் ஈட்டுப் பொருளைப் பெற்றுக்கொண்டு விட்டுவிடலாம். ஒன்றும் பெறாமல் அல்லாஹ்வுக்காக மன்னித்தும் விடலாம். வேண்டுமென்றே செய்த கொலைக்குரிய தியத் நூறு ஒட்டகங்கள் என்பது மூல அளவு. ஷாபிஈ, ஹனஃபி மத்ஹபுகளின்படி, வாரிசுகள் பத்துப் பேர் இருந்து ஒன்பது பேர் உயிரைக் கேட்டு, ஒரே ஒருவர் மன்னித்துவிட்டாலும் மரண தண்டனை விழுந்துவிடும். அந்த ஒருவர் கொலையுண்டவரின் மனைவியாக இருக்கலாம், மகளாக இருக்கலாம். ஊரே திரண்டு கேட்டாலும் அந்தப் பெண்ணின் ஒரு சொல்லைத் தாண்டி வாள் இறங்காது.

வாரிசு சிறு பிள்ளையாக இருந்தால்? பிள்ளை பருவமடையும்வரை கொலையாளியைச் சிறையில் வைத்துக் காத்திருக்க வேண்டும் என்பது ஷாபிஈ மத்ஹபின் சட்டம். முஆவியா (ரலி) அவர்களின் ஆட்சியில் ஹுத்பா இப்னு கஷ்ரம் என்பவன் கொலைக் குற்றத்துக்கு ஆளானபோது, மாண்டவருக்கு ஒரு சிறு மகன் மட்டுமே இருந்தான். அவன் வளரும்வரை கொலையாளி சிறையில் வைக்கப்பட்டான். மகன் வளர்ந்ததும் பெருமக்கள் சிலர் ஏழு தியத் அளவு பொருளைத் தாமே தர முன்வந்து அவனிடம் மன்றாடினர். அவன் ஏற்கவில்லை. கிஸாஸ் நிறைவேறியது. அவனை எவரும் குற்றம் சொல்லவில்லை. ஏனெனில் அது அவன் உரிமை.

வழிப்பறிக் கொள்ளையரைப் பற்றிய சட்டம் வேறு. அங்கே குற்றம் சமுதாயம் முழுவதன்மீதும் தொடுக்கப்பட்ட போர் ஆகையால், தண்டிப்பது ஆட்சியின் பொறுப்பாகிறது. ஆயினும் அங்கும் காழியின் விசாரணையே முடிவு செய்கிறது. தெருவின் கூச்சல் முடிவு செய்வதில்லை.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் இது: உயிரைக் கேட்கும் உரிமை, உயிரை இழந்த வீட்டுக்கே உரியது. மன்னிக்கும் உரிமையும் அந்த வீட்டுக்கே உரியது. இடையில் நிற்கும் நமக்கு இவ்விரண்டில் எதுவும் இல்லை. பிறர் துயரத்தின்மீது நின்று "மன்னித்துவிடு" என்று உபதேசிக்கவும் நமக்கு உரிமையில்லை. பிறர் துயரத்தைக் கையிலெடுத்துக்கொண்டு "தொங்கவிடு" என்று முழங்கவும் நமக்கு உரிமையில்லை.

பெருமானாரின் நடைமுறை

கிஸாஸுக்குரிய வழக்கு எது வந்தாலும் நபி (ஸல்) அவர்கள் மன்னிக்கும்படி ஏவியதையே தாம் கண்டதாக அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி அபூதாவூத் நூலில் இடம்பெற்றிருக்கிறது. ஏவினார்கள், வாரிசின் இடத்தில் நின்று தாமே மன்னித்துவிடவில்லை. இவ்வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும்.

முஸ்லிம் நூலில் வாஇல் இப்னு ஹுஜ்ர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. ஒருவர் தம் சகோதரனைக் கொன்றவனைத் தோல்வாரினால் கட்டி இழுத்துக்கொண்டு பெருமானாரிடம் வந்தார். விசாரித்ததில் கொன்றவன் ஒப்புக்கொண்டான். இருவரும் மரத்திலிருந்து தழை உதிர்த்துக்கொண்டிருந்தபோது மாண்டவர் அவனை ஏசியிருக்கிறார். ஆத்திரத்தில் கோடரியால் தலையில் அடித்துவிட்டான். ஈடு கொடுக்க உன்னிடம் ஏதும் உண்டா என்று பெருமானார் கேட்டார்கள். உடுத்திய துணியையும் கோடரியையும் தவிர ஒன்றுமில்லை என்றான். உன் கூட்டத்தார் பொருள் தந்து உன்னை மீட்பார்களா என்று கேட்டார்கள். அவர்களிடம் தனக்கு அந்த அளவு மதிப்பும் இல்லை என்றான். பெருமானார் வாரை வந்தவர் கையிலேயே ஒப்படைத்தார்கள். அவர் அவனை இழுத்துக்கொண்டு திரும்பியதும், இவன் அவனைக் கொன்றால் இவனும் அவனைப் போன்றவனே என்ற கருத்தைக் கூறினார்கள். அது அவர் காதுக்கு எட்டியது. திரும்பி வந்தார். உம்முடைய பாவத்தையும் உம் சகோதரரின் பாவத்தையும் இவன் சுமந்து செல்வதை நீர் விரும்பவில்லையா என்று பெருமானார் கேட்டார்கள். விரும்புகிறேன் என்றவர் வாரை எறிந்துவிட்டு அவனை விட்டுவிட்டார்.

அக்கொலையாளியிடம் பணமில்லை, ஆள்பலமில்லை. அவனுக்காகப் பரிந்து பேச ஒரு சொந்தக்காரன்கூட இல்லை. பெருமானார் அவனுக்காகப் பேசினார்கள். ஆனால் வாரை அவிழ்த்தது உரியவரின் கைதான்.

இறுதி ஹஜ்ஜின்போது பெருமானார் அறியாமைக் காலத்து இரத்தப் பழிகள் அனைத்தையும் காலடியில் போட்டுப் புதைப்பதாக அறிவித்தார்கள். அப்போது முதலாவதாக எந்தப் பழியை விட்டார்கள்? தம் சொந்தக் குடும்பத்துக்கு வரவேண்டிய பழியை. பனூ ஸஃது கூட்டத்தாரிடம் பால் குடித்து வளர்ந்த காலத்தில் ஹுதைல் கூட்டத்தாரால் கொல்லப்பட்ட ரபீஆவின் மகனுக்குரிய பழி அது. ஊராரின் உரிமையை விடச் சொல்லுமுன் தம் வீட்டின் உரிமையை விட்டுக் காட்டினார்கள்.

ஐயம் வந்த இடத்தில்

உரிமை வாரிசுடையது என்றாலும், குற்றம் ஐயமறத் தெளிவாக வேண்டும். தண்டிப்பதில் தவறுவதைவிட மன்னிப்பதில் தவறுவதே ஆட்சியாளருக்கு நல்லது என்ற கருத்து ஆயிஷா (ரலி) அவர்கள் வழியாகத் திர்மிதி நூலில் அறிவிக்கப்படுகிறது. ஐயம் தோன்றினால் தண்டனை விலகும் என்பதைப் பிக்ஹு நூல்கள் ஒரு விதியாகவே கொள்கின்றன. தாமும் மனிதர்தாம், வாக்குத் திறமை உள்ளவரின் பேச்சைக் கேட்டு அவர் பக்கம் தீர்ப்பளித்துவிட நேரலாம், அப்படிப் பிறர் உரிமையைப் பெறுபவர் நெருப்புத் துண்டைப் பெறுகிறார் என்று பெருமானாரே எச்சரித்தது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உண்டு. வஹீ இறங்கிய நபியே தம் தீர்ப்பைப் பற்றி இவ்வாறு அஞ்சினார்கள் என்றால், நாளிதழைப் படித்துவிட்டு நாம் தீர்ப்பளிப்பது எத்தகைய துணிச்சல்!

நீதிமன்றங்கள் தவறுமா? தவறியிருக்கின்றன. லண்டனில் தன் கைக்குழந்தையைக் கொன்றதாகத் திமோதி எவன்ஸ் என்பவர் 1950-இல் தூக்கிலிடப்பட்டார். அவருக்கு எதிராகச் சாட்சி சொன்ன முக்கியமானவர் அதே வீட்டில் குடியிருந்த ஜான் கிறிஸ்டி. மூன்றாண்டுகளில் அந்தக் கிறிஸ்டியே பல பெண்களைக் கொன்றவன் என்பது அம்பலமாயிற்று. 1966-இல் எவன்ஸுக்கு அரச மன்னிப்பு வழங்கப்பட்டது. மண்ணுக்குள் இருப்பவருக்கு மன்னிப்பு!

முஸ்லிம் நாடு என்றால் தவறாது என்று எண்ண வேண்டாம். பாகிஸ்தானில் கொலை வழக்கு ஒன்றில் தண்டிக்கப்பட்ட சகோதரர் இருவரை அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் 2016 அக்டோபரில் நிரபராதிகள் என்று விடுதலை செய்தது. விடுதலை செய்ய ஆள் இல்லை. 2015 அக்டோபரிலேயே பஹாவல்பூர் சிறையில் இருவரும் தூக்கிலிடப்பட்டிருந்தனர்.

நம் நாட்டில் 2003-இல் மகாராஷ்டிரத்தில் நடந்த கொடிய கொலைக்காக நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஏழைகள் ஆறு பேர் பிடிக்கப்பட்டனர். 2009-இல் உச்ச நீதிமன்றம் ஆறு பேருக்கும் மரண தண்டனையே என்றது. அவர்களுள் மூவருக்கு உயர் நீதிமன்றம் ஆயுள் தண்டனையாகக் குறைத்திருந்ததையும் மாற்றி மரணமாக்கியது. அதே உச்ச நீதிமன்றம் 2019 மார்ச்சில், இவர்கள் குற்றவாளிகளே அல்லர் என்று ஆறு பேரையும் விடுவித்து, ஆளுக்கு ஐந்து இலட்சம் ரூபாய் ஈடு கொடுக்கும்படி மகாராஷ்டிர அரசுக்கு உத்தரவிட்டது. பதினாறு ஆண்டுகள் போய்விட்டன. உயிராவது மிஞ்சியது. 2009-இல் ஊரார் கேட்டபடி உடனே தொங்கவிட்டிருந்தால்?

ஒரே குற்றம், மூன்று முடிவு

தவறு ஒருபுறமிருக்க, சமமின்மை இன்னொரு புறம். 1980-இல் பச்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், மரண தண்டனை அரசியல் சட்டத்துக்கு முரணல்ல, ஆனால் அரிதினும் அரிதான வழக்குகளில்தான் விதிக்க வேண்டும் என்றது. ஐந்து நீதிபதிகளில் பகவதி ஒருவர் மட்டும் மாறுபட்டார். எது அரிது என்பது நீதிபதிக்கு நீதிபதி வேறுபடும். ஆகவே ஒருவன் வாழ்வதும் சாவதும் தற்செயலாகிவிடும் என்பது அவர் கூறிய காரணங்களுள் ஒன்று.

அது வெறும் கற்பனையன்று. உத்தரப் பிரதேசத்தில் ஒரே கொலை வழக்கில் மூவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டிருந்தது. மூவரும் செய்த குற்றம் ஒன்றே. தனித்தனியே உச்ச நீதிமன்றம் சென்றனர். காஷ்மீரா சிங்குக்கு ஆயுள் தண்டனையாகக் குறைந்தது. ஜீதா சிங்கின் மனு தள்ளுபடியாகி, 1981 அக்டோபர் 6-இல் அவர் தூக்கிலிடப்பட்டார். அதே நாளில் தூக்கிலிடப்பட இருந்த ஹர்பன்ஸ் சிங் கடைசி நேரத்தில் கொடுத்த மனுவால் தப்பினார். ஒரு குற்றம், மூன்று முடிவு.

டெல்லித் தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் 2016-இல் வெளியிட்ட அறிக்கை, மரண தண்டனை பெற்றுச் சிறையிலிருந்தோரில் ஏறத்தாழ நான்கில் மூவர் ஏழை எளியோர் என்று கண்டது. உயர்குலப் பெண் ஒருத்தி திருடியபோது அவளுக்காகப் பரிந்து பேச வந்தவர்களிடம் பெருமானார் என்ன சொன்னார்கள்? பெரியவன் திருடினால் விட்டுவிட்டு, எளியவன் திருடினால் தண்டித்ததால்தான் முந்தைய சமுதாயங்கள் அழிந்தன என்றார்கள். இந்த எச்சரிக்கையைப் படித்துவிட்டு மேற்சொன்ன கணக்கைப் பார்த்தால் நமக்கு நடுக்கம் வர வேண்டாமா?

மன்னிப்பின் பேரால் நடக்கும் மோசடி

இங்கே ஒரு கேள்வி எழும். "வாரிசு மன்னிக்கலாம் என்றால் பணக்காரன் பணத்தை வீசிவிட்டுத் தப்பிவிட மாட்டானா? வீட்டுக்குள்ளேயே கொலை செய்துவிட்டு வீட்டாரே மன்னித்துவிட மாட்டார்களா?" நியாயமான கேள்வி. மழுப்பக் கூடாது.

பாகிஸ்தானில் 1990-இல் கிஸாஸ், தியத் சட்டம் கொண்டுவரப்பட்டபின் இது நடக்கவே செய்தது. குடும்ப மானம் என்ற பேரால் அண்ணன் தங்கையைக் கொல்வான். தகப்பன் வாரிசு என்ற முறையில் மன்னிப்பான். கொலைகாரன் வீடு திரும்புவான். இது மன்னிப்பன்று, கூட்டுக் குற்றம். 2016-இல் அந்நாடு சட்டத்தைத் திருத்தி, அத்தகைய கொலையில் குடும்பம் மன்னித்தாலும் ஆயுள் சிறை உண்டு என்றாக்கியது. இது மார்க்கத்துக்குப் புதிதன்று. வாரிசு மன்னித்தபின்னும் கொலையாளிக்கு ஓராண்டுச் சிறை உள்ளிட்ட தண்டனை உண்டு என்பது இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் மத்ஹபு. வாரிசு விடுவது தன் உரிமையை மட்டுமே. சமுதாயத்தைக் காக்கும் பொறுப்பு ஆட்சிக்கு அப்போதும் இருக்கிறது. அச்சுறுத்திப் பெற்ற மன்னிப்பும், ஏழை விதவையின் வறுமையைப் பயன்படுத்தி வாங்கிய மன்னிப்பும் அல்லாஹ்விடம் செல்லாது என்பதை எண்ணிப்பார்ப்போர் அஞ்சிக்கொள்ளட்டும்.

தியத்தின் நல்ல பக்கத்தையும் நாம் கண்டோம். சவூதியில் மரண தண்டனை பெற்றுப் பல ஆண்டுகள் சிறையிலிருந்த கேரளத்தவர் ஒருவருக்காக 2024 ஏப்ரலில் ஏறத்தாழ 34 கோடி ரூபாய் திரண்டது. எல்லா மதத்தாரும் கொடுத்தனர். ஜூலையில் அவருடைய மரண தண்டனை நீக்கப்பட்டது. ஓர் உயிரை வாழவைத்தவர் மனிதர் அனைவரையும் வாழவைத்தவர் போன்றவர் என்னும் மறையின் கருத்துக்கு இது சான்று. எனினும் ஒன்றைக் கேட்டுக்கொள்வோம். அன்று பணம் அனுப்பிய நம்மில் எத்தனை பேர், பிள்ளையை இழந்த அந்தச் சவூதி வீட்டாருக்காகவும் கையேந்தி துஆ கேட்டோம்?

ஒரு தாயின் கை

ஈரானின் வடபகுதியில் நூர் என்ற ஊர். 2014 ஏப்ரலில் ஒரு விடியற்காலை. தெருச் சண்டை ஒன்றில் ஏழாண்டுகளுக்கு முன் ஓர் இளைஞனைக் குத்திக் கொன்றவன் கண்கள் கட்டப்பட்டு, கழுத்தில் சுருக்குடன் நிற்கிறான். சுற்றிலும் கூட்டம். மாண்ட இளைஞனின் தாய் முன்னே வருகிறார். அதற்கு முன்பே இன்னொரு மகனை விபத்தில் பறிகொடுத்தவர் அவர். கொலையாளியின் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை அறைகிறார். பிறகு கணவரும் துணைநிற்க, அவன் கழுத்துச் சுருக்கைத் தம் கையாலேயே கழற்றுகிறார். சற்று நேரத்தில் கொன்றவனின் தாயும் கொல்லப்பட்டவனின் தாயும் ஒருவரையொருவர் அணைத்துக்கொண்டு அழுதனர். அப்படங்களை உலகமே பார்த்தது.

அந்த அறையைப் பலர் மறந்து மன்னிப்பை மட்டும் பேசுகின்றனர். நாம் இரண்டையும் பேச வேண்டும் என்று கருதுகிறோம். அந்தத் தாய்க்குக் கோபம் இல்லாமல் போய்விடவில்லை. ஏழாண்டுக் கோபம் அவர் கையில் இருந்தது. அவர் உயிரைக் கேட்டிருந்தாலும் குற்றமில்லை. கொடுக்கவும் மறுக்கவும் முழு உரிமையுள்ள கையே சுருக்கைக் கழற்றியது. அதனால்தான் அது மன்னிப்பாயிற்று. கூடியிருந்த கூட்டத்தில் ஒருவர் "விட்டுவிடு" என்று கட்டளையிட்டு அது நடந்திருந்தால் அது அத்தாய்க்கு இழைத்த இரண்டாவது அநியாயமாகியிருக்கும்.

நம் நாட்டுச் சட்டத்தில் அத்தாய்க்கு இடமில்லை. இங்கே கொலை அரசுக்கு எதிரான குற்றம். வழக்கை நடத்துவது அரசு. கருணை மனுவின்மீது முடிவு செய்வது குடியரசுத் தலைவரோ ஆளுநரோ. மகனை இழந்தவள் "நான் விட்டுவிட்டேன்" என்று நீதிமன்ற வாசலில் நின்று கதறினாலும் அவள் சொல் தண்டனையை நீக்காது. அப்படியிருக்க, கிஸாஸின் உயிர்நாடியான வாரிசின் உரிமை இல்லாத ஒரு தூக்கை, ஐயங்கள் தீராத ஒரு தூக்கை, பெரும்பாலும் ஏழையின் கழுத்தையே தேடி வரும் ஒரு தூக்கை, "நம் மார்க்கம் சொன்னது இதுதான்" என்று நாம் எப்படிச் சொல்ல முடியும்? கிஸாஸ் இறைவனின் சட்டம் என்று நம்புவது நம் ஈமான். அதன் பெயரைக் கொண்டுபோய் இதற்குச் சூட்டுவது நம் அவசரம். எமக்குப் பட்டது இது. பிழையிருப்பின் உலமாப் பெருமக்கள் திருத்துவார்களாக.

நம் வீட்டில் செய்ய வேண்டியது

நாளைக் காலையும் பத்திரிகை வரும். அதில் இன்னொரு கொடுமையும் இருக்கும். அப்போது நாம் என்ன செய்யலாம்?

இழந்த வீட்டை முதலில் நினைப்போம். இன்னா லில்லாஹி என்று சொல்லி அவ்வீட்டாருக்காக துஆ செய்வோம். அக்கம்பக்கமாயின் சென்று பார்ப்போம். வழக்குச் செலவுக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் கைகொடுப்போம். பிடிபட்டவன் குற்றவாளி என்று தீர்ப்பாகும்வரை அவனைக் குற்றம் சாட்டப்பட்டவன் என்றே சொல்லிப் பழகுவோம். நாம் கண்ட குற்றமாக இருந்தால் சாட்சியத்தை மறைக்காமல் சொல்வோம். அது நம் உறவினருக்கே எதிராயினும் சரியே என்று நிஸா அத்தியாயத்தின் 135-ஆவது வசனம் நமக்குக் கட்டளையிட்டிருக்கிறது. வழக்குகள் பல கெடுவது தூக்கு இல்லாததால் அன்று. கண்டவர்கள் வாய் திறவாததால்தான். இழந்தவர் உயிரைக் கேட்டால் அவரைக் கடிந்து பேசாதிருப்போம். மன்னித்தால் அவரைக் கோழை என்னாதிருப்போம்.

பிள்ளை கேட்டால், "நம் மார்க்கத்தில் என்ன சொல்லியிருக்கிறது, அத்தா?" என்று கேட்டால், முழு வசனத்தையும் சொல்லிக்கொடுப்போம். கிஸாஸ் என்ற சொல்லோடு நிறுத்தாமல், சகோதரன் என்ற சொல்வரை ஓதிக் காட்டுவோம்.

மறுமையில் மனிதரிடையே முதலாவதாகத் தீர்ப்பளிக்கப்படுவது இரத்த வழக்குகள் என்று பெருமானார் கூறியது புகாரி, முஸ்லிம் நூல்களில் உண்டு. அம்மன்றத்தில் கொன்றவன் நிற்பான். குற்றமற்றவனைத் தூக்குக்கு அனுப்பிய பொய்ச்சாட்சியும் நிற்பான். தெரியாமல் தீர்ப்புச் சொன்ன நாவுக்கும் அங்கே கேள்வி உண்டு.

அநியாயமாக உயிரிழந்தோரின் வீடுகளுக்கு அல்லாஹ் ஆறுதல் அளிப்பானாக! நீதி வழங்கும் கைகளுக்கு அச்சத்தையும், நம் நாவுகளுக்கு அடக்கத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.